எடை இருந்தால் போதுமா?

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைப்பிரசவம். அப்படிப் பிறப்பவர்களில் பெரும்பாலோர் 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தவர்கள். பார்க்க நிறைமாதக் குழந்தை போலவே இருப்பதால், இவர்களுக்கு வேண்டிய கூடுதல் கவனம் எளிதில் தவறிப்போகிறது.

நம்பிக்கை: ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது.
உண்மை: வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம். ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல்.

நம்பிக்கை: இரண்டரை கிலோ இருக்கிறது, கவலை இல்லை.
உண்மை: 35 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரலும் முழுதாகத் தயாராகியிருக்காது. மூச்சுத்திணறல், உடல் சில்லிடுதல், ரத்தச் சர்க்கரை குறைதல் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

நம்பிக்கை: அழாமல் தூங்குகிறது, எழுப்பாதீர்கள்.
உண்மை: பசித்தாலும் அழத் தெம்பில்லாமல் தூங்கலாம். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். சப்பிக் குடிக்க முடியாவிட்டால் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

நம்பிக்கை: மஞ்சள் காமாலைக்குக் காலை வெயில் போதும்.
உண்மை: இவர்களுக்குக் காமாலை பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே, ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் உச்சம் தொடும். காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமியான பிலிருபின் ரத்தத்தில் அளவுக்கு மீறினால் மூளையும் செவித்திறனும் பாதிக்கப்படும். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருத்துவமனையின் நீல ஒளி சிகிச்சையுமே தீர்வு.

நம்பிக்கை: தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால்தான் தேறும்.
உண்மை: உடலில் கொழுப்பு குறைவு, குளித்ததும் சூடு இறங்கிவிடும். எடை தேறும்வரை துடைத்துவிட்டாலே போதும். சூட்டைக் காக்கத் தாயோ தந்தையோ குழந்தையை வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு, கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கியது. அந்தக் கதகதப்புக்குச் செலவே இல்லை.

நம்பிக்கை: நல்ல நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே சிசேரியன் செய்யலாம்.
உண்மை: மருத்துவக் காரணமின்றி 39 வாரம் நிறையும் முன் செய்யவே கூடாது.

பால் குடிக்க மறுத்தல், வேகமாக மூச்சு வாங்குதல், கை கால் சில்லிடுதல், உள்ளங்காலிலும் மஞ்சள் தெரிதல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.