ஐந்தாவது சக்கரம் எங்கே?

படுக்கையறை, சமையலறை, குளியலறை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் உள்ள ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது; அதற்குப் பதில் இரண்டு அச்சுகளில் நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. எஞ்சின் இல்லை. திறந்த முதுகுள்ள ஒரு பிக்கப் லாரி இதை இழுத்துச் செல்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய வண்டி வீடுகளில் பலர் விடுமுறையைக் கழிக்கிறார்கள். ஓய்வு பெற்ற சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்கிறார்கள்.

இதற்கு ‘ஐந்தாம் சக்கர வண்டி’ என்று பெயர். ஆனால் எண்ணிப் பார்த்தால் வீட்டுக்கு நான்கு சக்கரங்கள்தாம் இருக்கின்றன. ஐந்தாவது சக்கரம் எங்கே போயிற்று?

பெயர் வந்த கதை

விடை குதிரை வண்டிக் காலத்தில் இருக்கிறது. நான்கு சக்கரக் குதிரை வண்டி திரும்பும்போது அதன் முன் அச்சு முழுவதும் திரும்ப வேண்டும். அதற்காக அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு வட்டமான இரும்புத் தட்டைப் படுக்கை வாட்டில் வைத்தார்கள். தரையைத் தொடாத அந்த வட்டமே ஐந்தாவது சக்கரம்.

மோட்டார் யுகத்தில் அதே ஏற்பாடு லாரிகளுக்கு வந்தது. இழுக்கும் லாரியின் பின் அச்சுக்கு மேலே ஓர் இணைப்புத் தட்டு இருக்கும். பின்னால் வரும் பெட்டியின் அடியில் ‘கிங்பின்’ என்ற தடித்த எஃகு முளை தொங்கும். முளை தட்டின் தாடைகளுக்குள் நுழைந்ததும் அவை பூட்டிக் கொள்ளும். துறைமுகச் சாலைகளில் பெரிய சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலும் இதே இணைப்புதான்.

இந்த முறையை வண்டி வீட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் விமான வடிவமைப்பாளரான கிளென் கர்ட்டிஸ் (1878–1930). 1920களின் இறுதியில் அவர் ‘ஏரோகார்’ என்ற இழுவை வண்டிகளை உருவாக்கினார். காற்றடைத்த ஒரு டயரைப் படுக்க வைத்து, அதன் நடுவே முளையைப் பொருத்தினார். அதனால் சாலையின் குலுக்கல் வண்டியை அதிகம் எட்டவில்லை.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

வீட்டை லாரியின் பின்முனையில் ஒரு கொக்கியில் மாட்டினால் போதாதா? முதுகின் நடுவில் ஏன் ஏற்ற வேண்டும்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவரைக் கவனியுங்கள். பாரம் முன்பக்கம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக் கொள்ளும். இரண்டும் இல்லாமல், நுகத்தில் சிறிதளவு பாரம் இறங்கும்படி அவர் மூட்டைகளை அடுக்குகிறார். திருப்புத்திறன் தத்துவத்தை அவர் கையாலேயே அறிந்திருக்கிறார்.

வண்டி வீட்டுக்கும் இதுவே விதி. வீட்டின் எடை 5,000 கி.கி. என்றும், முளைக்கும் சக்கரங்களின் நடுப்புள்ளிக்கும் இடையே 6 மீட்டர் என்றும் கொள்வோம். ஈர்ப்பு மையம் சக்கரங்களுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருந்தால், முளையின் மீது இறங்கும் பாரம் எவ்வளவு?

5,000 × 1.2 ÷ 6 = 1,000 கி.கி.

மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு லாரியின் மீது அமர்கிறது. மீதி 4,000 கி.கி. எடையை நான்கு டயர்கள் தாங்குகின்றன. ஐந்தாம் சக்கர வண்டிகளில் முளைப் பாரம் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும்.

இனி லாரியைப் பார்ப்போம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3.6 மீட்டர் என்போம். சாதாரண இழுவை வண்டியில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ள ஓர் உருண்டையில் வண்டியை மாட்டுவார்கள். அங்கே 600 கி.கி. மட்டும் இறங்கினாலும் லாரி ஒரு நெம்புகோலாகிவிடும். பின் அச்சே அதன் ஆதாரம்.

600 × 1.2 ÷ 3.6 = 200 கி.கி.

முன் சக்கரங்களின் மீதிருந்த எடையில் 200 கி.கி. குறைந்துவிடுகிறது! திசை திருப்புபவை முன் சக்கரங்கள் அல்லவா? அவற்றின் பிடிப்பு குறைந்தால் வண்டி ஓட்டுநரின் சொல்லைக் கேட்காது.

ஐந்தாம் சக்கர இணைப்பில் முளை பின் அச்சுக்கு நேர் மேலேயோ, சிறிது முன்னாலோ இருக்கும். 5 செ.மீ. முன்னால் இருந்தால், 1,000 கி.கி. பாரத்தில் ஏறத்தாழ 14 கி.கி. முன் சக்கரங்களில் கூடும். பாரம் அதிகம், ஆயினும் பிடிப்பு குறையவில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. பக்கவாட்டுக் காற்றோ, கடந்து செல்லும் பேருந்தோ வீட்டை அசைக்கும்போது, அது இணைப்புப் புள்ளியைப் பக்கவாட்டில் தள்ளும். இணைப்பு பின்முனையில் இருந்தால் அந்தத் தள்ளல் 1.2 மீட்டர் நெம்புகோலின் உதவியுடன் லாரியையே திருப்ப முயலும். லாரி திரும்பினால் வண்டி மேலும் ஆடும். நாயின் வால் நாயை ஆட்டும் நிலை! இணைப்பு அச்சுக்கு மேலே இருந்தால் நெம்புகோலின் நீளம் சுழி. தள்ளலைப் பின் டயர்கள் நேராக ஏற்றுக் கொள்கின்றன.

வளைவில் ஒரு முக்கோணம்

இழுபடும் சக்கரங்கள் இழுப்பவற்றின் தடத்திலேயே வருவதில்லை. முளை 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து சுற்றினால், 6 மீட்டர் பின்னால் உள்ள அச்சு எந்த ஆரத்தில் சுற்றும்? பிதாகரஸ் உதவுகிறார். 10-இன் வர்க்கம் 100, 6-இன் வர்க்கம் 36, வித்தியாசம் 64, அதன் வர்க்கமூலம் 8. வீட்டின் சக்கரங்கள் 2 மீட்டர் உட்பக்கமாக வெட்டிச் செல்கின்றன. தெருமுனையில் நிற்கும் கம்பத்துக்கும் மனிதருக்கும் ஆபத்து இங்கேதான். அதனால் ஓட்டுநர் அகலமாகச் சென்று தாமதமாகத் திருப்புவார். நீண்ட லாரி திரும்பும் வளைவில் உட்பக்கம் நிற்கக் கூடாது என்பது நமக்கும் பொருந்தும் பாடமே.

நிறுத்துவது எப்படி?

மணிக்கு 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் 5,000 கி.கி. வீட்டின் இயக்க ஆற்றல் சுமார் 15.6 லட்சம் ஜூல். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். இத்தனை வெப்பத்தையும் லாரியின் பிரேக்குகளிடமே விட்டுவிட முடியுமா?

ஆகவே வீட்டின் சக்கரங்களுக்கும் தனி பிரேக் உண்டு. பெரும்பாலும் அது மின்சாரப் பிரேக். ஒவ்வொரு சக்கரத்தின் உருளைக்குள்ளும் ஒரு நெம்புகோல்; அதன் முனையில் ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் மின்னோட்டம் வருகிறது. காந்தம் சுழலும் உருளையில் ஒட்டிக் கொள்ள முயல, உருளை அதை இழுக்கிறது. நெம்புகோல் திரும்பி, பிரேக் கட்டைகளை உருளையின் மீது அழுத்துகிறது. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவுகிறது!

இணைப்பு அறுந்து வீடு தனியே ஓடினால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். லாரியோடு ஒரு மெல்லிய எஃகு வடம் கட்டப்பட்டிருக்கும். லாரி விலகிப் போனால் வடம் ஒரு சிறிய ஆணியை உருவும். உடனே வீட்டின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக்குகளுக்கு மின்சாரம் பாயும். அந்த பேட்டரி தீர்ந்து போயிருந்தால் இந்தப் பாதுகாப்பும் இல்லை. பராமரிப்பு எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

சமமட்டம் ஏன்?

தங்கும் இடம் வந்ததும் முதல் வேலை, சக்கரங்களுக்கு ஆப்பு வைப்பது. அடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து வீட்டைச் சமமாக நிறுத்த வேண்டும். லாரியைக் கழற்றுவது ஆப்பு வைத்த பிறகுதான். இல்லையேல் சரிவில் வீடு உருண்டுவிடும்.

சமமட்டம் தூங்கும் வசதிக்காக மட்டும் அன்று. பல வண்டி வீடுகளில் உள்ள குளிர்பதனப் பெட்டி தீச்சுடரால் குளிர்கிறது! 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இருவர் கண்ட முறை இது. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாக வெளியேறும். பின்புறக் குழாயில் அது வெப்பத்தை இழந்து திரவமாகும். பெட்டிக்குள் ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் அது மீண்டும் ஆவியாகிறது. அப்போது பெட்டியின் வெப்பத்தை எடுத்துக் கொள்கிறது. பிறகு நீர் அதைக் கரைத்துக் கொள்ள, சுற்று மறுபடி தொடங்குகிறது.

இதில் பம்பு இல்லை, ஓசை இல்லை. திரவத்தை ஓட வைப்பவை சுடரின் வெப்பமும் புவியீர்ப்புமே. வீடு சாய்ந்திருந்தால் திரவம் குழாயில் தேங்கிவிடும். சூடாகும் பகுதி வறண்டு கெட்டுப் போகும். அண்மைக்கால வீடுகள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரெசர் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

அந்தச் சுடருக்கும் அடுப்புக்கும் எரிபொருள் புரோப்பேன். நம் வீட்டுச் சமையல் வாயுவில் புரோப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேனின் கொதிநிலை சுழிக்குச் சற்றே கீழே. பனி நாட்டில் அது திரவமாகவே கிடந்துவிடும். புரோப்பேனின் கொதிநிலையோ −42 டிகிரி. கடுங்குளிரிலும் அது ஆவியாகும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் படியும். ஆதலால் கசிவை உணர்த்தும் கருவியைத் தரையருகே பொருத்துகிறார்கள். சுடர் சரியாக எரியாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்குத் தனிக் கருவி கட்டாயம் வேண்டும். உறங்குகிற குடும்பத்தின் உயிர் அதை நம்பியிருக்கிறது.

அளந்து வாழும் வாழ்க்கை

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. முதலில் மின்சாரம். முகாமில் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்புக் கிடைத்தால் அதிகபட்சத் திறன் 3,600 வாட். குளிர்சாதனம் 1,500 வாட், நுண்ணலை அடுப்பு 1,500 வாட், வெந்நீர்க் கலன் 1,440 வாட் என்றால் கூட்டல் 4,440. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். முறை வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து நீர். நல்ல நீர், குளித்துக் கழுவிய நீர், கழிவறை நீர் என மூன்று தொட்டிகள். கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் நீர் மட்டும் ஓடிவிட, திடக்கழிவு அடியில் படிந்து இறுகிவிடும். எனவே தொட்டி ஏறக்குறைய நிறையும் வரை மூடி வைத்து, பின் ஒரேயடியாகத் திறப்பார்கள். அதன்பின் கழுவிய நீரைத் திறந்தால் அது குழாயையும் அலசிவிடும்.

குளிர்காலத்தில் ஆள் இல்லாமல் நிறுத்தினால் குழாய்களை வடித்துவிட வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைந்து குழாயைப் பிளக்கும்.

பராமரிப்பில் கூரைக்கு முதலிடம். இணைப்புகளில் பூசிய பசை வெயிலில் வெடிக்கும். நூலளவு விரிசலில் புகும் மழைநீர் மரச்சட்டத்தைச் சத்தமின்றி உளுக்கச் செய்யும். டயர்களும் அப்படித்தான். வரிகள் தேயாமலே வெயிலாலும் ஓசோனாலும் ரப்பர் முதுமை அடைகிறது. ஓடிய தூரத்தைவிட அதன் வயதைப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் பேரிங்குகளுக்கு உரிய காலத்தில் கிரீஸ் இட வேண்டும்.

புறப்படும் முன் மிக முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. முளை தாடைகளுக்குள் நுழையாமல் அவற்றின் மேலே அமர்ந்திருந்தால், பார்வைக்குப் பூட்டியது போலவே தோன்றும். லாரி நகர்ந்ததும் வீடு லாரியின் முதுகில் விழும். ஆகவே வீட்டின் முன்கால்கள் தரையில் இருக்கும்போதே வீட்டின் பிரேக்கை மட்டும் போட்டு லாரியை மெல்ல முன்னே இழுத்துப் பார்ப்பார்கள். கண்ணால் பார்த்ததை விசையால் உறுதி செய்கிறார்கள்.

சுவரின் வண்ணத்தையும் இருக்கையின் மெத்தையையும் பார்த்து இந்த வீட்டை வாங்கலாம். ஆனால் அதில் பத்திரமாக வாழ, எடையும் நெம்புகோலும் வெப்பமும் மின்சாரமும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிப் பாடம் அங்கே வீட்டுப் பாடமாகவே ஆகிவிடுகிறது!

செய்து பாருங்கள்

ஓர் அளவுகோலை மேசை விளிம்பில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும்படி வையுங்கள். மேசையின் விளிம்பே பின் அச்சு. உள்ளே உள்ள முனை லாரியின் முன்பக்கம். ஒரு நாணயத்தை விளிம்புக்கு நேர் மேலே வையுங்கள். பிறகு அதை வெளிமுனை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நாணயத்தின் எடை மாறவில்லை. ஆனாலும் உள்முனை எப்போது தூக்கத் தொடங்குகிறது?

சிந்தியுங்கள்

1. நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அச்சுகளுக்கு 1.5 மீட்டர் பின்னால் உள்ள தொட்டியில் 200 லிட்டர் நீர் நிரப்பினால் முளைப் பாரம் எவ்வளவு மாறும்?

2. முளை 6.5 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் வீட்டின் அச்சு எவ்வளவு உள்ளே வெட்டும்?

3. வேகத்தை 45 கி.மீ. ஆகக் குறைத்தால் பிரேக்குகள் ஏற்க வேண்டிய ஆற்றல் எவ்வளவாகும்?

விடைகள்: 1. 50 கி.கி. குறையும். 2. 4 மீட்டர். 3. நான்கில் ஒரு பங்கு.