‘‘பவுடர் போட்டா வெள்ளையாயிடுவேனா அம்மா?’’

எல்.கே.ஜி. விட்டு வந்ததும் வராததுமாகக் குழந்தை கேட்கிறது: ‘‘அம்மா, நிறைய பவுடர் போட்டா நானும் வெள்ளையாயிடுவேனா?’’

நாம் சட்டென்று என்ன சொல்கிறோம்? ‘‘யாருடா உன்னைக் கறுப்புன்னு சொன்னது? நீ மாநிறம்டா கண்ணா!’’

ஆறுதல்தான். ஆனால், குழந்தையின் மனதில் பதிவது வேறு: ‘கறுப்பா இருந்தா தப்பு போலிருக்கு!’

நிறம், முடி, நடை என்று ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைக் குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளேயே கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் தவறே இல்லை. எது உசத்தி, எது மட்டம் என்பதைத்தான் பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள். இந்த வயதில் உபதேசம் ஏறாது; படக்கதை ஏறும்.

உதாரணத்துக்கு, இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் மெக்கீ 1968-ல் எழுதி, படமும் வரைந்த ‘எல்மர்’. யானைக் கூட்டத்தில் எல்லாமே சாம்பல் நிறம். எல்மர் மட்டும் ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி பல வண்ணம். எல்லோரையும் சிரிக்க வைப்பவனும் அவன்தான். ஆனாலும், ‘நான் மட்டும் ஏன் இப்படி?’ என்று அவனுக்கு அலுத்துப்போகிறது. காட்டுக்குள் போய், சாம்பல் நிறப் பழங்களில் புரண்டு, மற்ற யானைகள் மாதிரியே ஆகிவிடுகிறான். நம்ம வீட்டுப் பவுடர் கதைதான்!

திரும்பி வந்தால் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. எல்லா யானையும் உம்மென்று நிற்கின்றன. தாங்க முடியாமல் எல்மர் ஒரு சத்தம் போடுகிறான். ‘அட, இது நம்ம எல்மர்!’ என்று கூட்டமே சிரிக்கிறது. மழையில் சாயம் கரைகிறது. அதுமுதல் வருடத்துக்கு ஒருநாள் எல்லா யானைகளும் வண்ணம் பூசிக்கொள்கின்றன. அன்று எல்மர் மட்டும் சாம்பல்!

சேர்ந்திருக்க, தன்னை அழித்துக்கொள்ள வேண்டியதில்லை. கதை சொல்வது இதைத்தான்.

படித்துக் காட்டும்போது:

* முதலில் படத்தை ஆசைதீரப் பார்க்க விடுங்கள்.

* ‘‘இதிலேர்ந்து என்ன தெரியுது?’’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘‘சாம்பலா மாறினப்போ எல்மருக்கு எப்படி இருந்திருக்கும்?’’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

* தெருவில் ஊன்றுகோலோடு போகிறவரைக் காட்டிக் குழந்தை சத்தமாகக் கேட்டால், வாயைப் பொத்தாதீர்கள். ‘‘நடக்க அது அவருக்கு உதவியா இருக்கு’’ என்று இயல்பாகச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பவுடர் கேள்விக்கு என்ன பதில்?

‘‘ஆக மாட்டேடா. நீ கறுப்புதான். உங்க பாட்டி மாதிரி, அப்பா மாதிரி. பவுடர் வியர்வைக்குத்தான்!’’