மதுரையின் கடல்வாயில்

மதுரை கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள நகர். எனினும், பாண்டியர்க்குப் பெரும்புகழ் தந்தது முத்து. முத்தோ கடலிற் பிறப்பது. மதுரை நகரினுள்ளும் வைகைப் படுகையிலும் ரோம நாட்டுக் காசுகள் பலமுறை மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. கடலைக் காணாத நகர்க்குக் கடல்கடந்த நாட்டுக் காசு எவ்வழி வந்தது? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் நகருள் நின்று தேடுவதாற் பயனில்லை. ஆற்றின் போக்கிலே கிழக்கு நோக்கிச் செல்லல் வேண்டும். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்னும் ஊர்களைக் கடந்து, வைகை கடலையடையும் ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே அழகன்குளம் என்பதோர் ஊர் உளது. அதுவே நாம் ஈண்டு ஆராயப்புகும் பட்டினம்.

இவ்வூரில் கோட்டைமேடு என வழங்கும் மேட்டினைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையினர் 1986-87 முதல் 2016-17 வரை இடையிட்டுப் பல பருவங்களில் அகழ்ந்து ஆராய்ந்தனர். ஆங்கே கிடைத்த பொருள்கள் பலவகைப்பட்டன. மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் சில, வடநாட்டிற் செய்யப்பெற்ற கருநிற மெருகுக் கலவோடுகள் சில, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ரோமப் பேரரசர்களின் செப்புக்காசுகள் சில. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் சில. இவற்றுள்ளும் நம் கருத்தை மிகக் கவர்வது, பாய்மரக் கப்பலொன்றன் உருவம் கீறப்பெற்ற பானையோடு ஆகும். துறையிலே நின்ற மரக்கலத்தைக் கண்ணாற் கண்டானொருவன் தன் கைக்கு எட்டிய ஓட்டிலே அதனைக் கீறிவைத்தான் போலும். அவன் பெயர் அழிந்தது. அவன் கண்ட கப்பல் அழியவில்லை. சங்க நூல்களிற் கூறப்படும் மருங்கூர்ப்பட்டினம் இதுவே என அறிஞர் சிலர் கருதுவர்.

இனி, ஆற்றின் மேற்பகுதியை நோக்குவாம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் இந்தியத் தொல்லியல் துறையினர் 2014-15இல் அகழ்வைத் தொடங்கினர். பின்னர்த் தமிழ்நாடு அரசின் துறையினர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். ஆங்குச் செங்கற் கட்டடங்களும், உறைகிணறுகளும், சூதுபவள மணிகளும், ஆதன் முதலிய மக்கட்பெயர் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. சூதுபவளம் வைகைக்கரையில் விளையும் கல்லன்று. பிறநாட்டினின்று வணிகர் கொணர்ந்தது. ஆகவே, உள்நாட்டு நகரும் கடற்கரைப் பட்டினமும் ஒரு கயிற்றின் இரு தலைகள் என்பதும், அக்கயிறு வைகையாறே என்பதும் பெறப்படும். ஒரு தலையைப் போற்றி மறுதலையைக் கைவிடின் கயிற்றின் பயன் யாதாம்?

துறைமுகப் பட்டினங்கள் எவ்வாறு மறைகின்றன என்பதை அறிந்தாலன்றி அவற்றைக் காக்கும் வழியை அறிதல் இயலாது. அவை மறையும் வகை மூன்று.

முதலாவது, ஆறு கொணரும் மண்ணால் மறைதல். இதற்குச் சான்று பொருநையாற்றின் முகத்திலிருந்த கொற்கை. கிரேக்க மாலுமிகளும் தாலமியும் கொல்கை என்று குறித்த இத்துறை, பாண்டியரின் முத்துக்குளிப்புக்குத் தலைமையிடமாய் விளங்கியது. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்த வண்டல் படியப்படியக் கரை கிழக்கே நகர்ந்தது. கலங்கள் துறையை அணுகமாட்டாவாயின. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறை அக்காயலே. பின்னர் அதுவும் மண்ணால் தூர்ந்தது. இன்று கொற்கை கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களின் நடுவே ஒரு சிற்றூராய் நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் ஐயர் கொற்கையையும் காயலையும் அகழ்ந்து நோக்கி, இம்மாற்றத்தை விளங்க எழுதிவைத்தார். 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் கொற்கையில் அகழ்ந்தெடுத்த கரித்துண்டொன்றன் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பெற்றது.

இரண்டாவது, கடலின் சீற்றத்தால் ஒருங்கே அழிதல். 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னார்க்குக் கப்பலும் சென்னைக்குப் புகைவண்டியும் இணையும் துறையாய் விளங்கிய தனுஷ்கோடி, 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-23ஆம் நாள் இரவிலே புயலால் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி அலைவாய்ப்பட்டது, அதிலிருந்தோர் மாண்டனர். இன்று ஆங்கு மாதாகோயிற் சுவரும் புகைவண்டி நிலையத்தின் இடிபாடுமே மணலிடையே நிற்கின்றன.

மூன்றாவது, மக்களின் மறதியால் மறைதல். இது புயலினும் கொடிது. ஓசையின்றி வருதலின் எவரும் அஞ்சுவதிலர். கீழக்கரை இன்றும் மக்கள் நிறைந்து வாழும் ஊர். 17ஆம் நூற்றாண்டில் புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. திராவிடச் சிற்பமுறை அமைந்த தூண்களையுடைய பழைய பள்ளிவாசலும் ஆங்கு உண்டு. இத்தகைய ஊர்களிலே பழைய மாளிகை விலைப்படும், மரத்தூண் பெயர்க்கப்படும், பரணிற் கிடந்த கணக்கேடு எடைக்குப் போகும். இவற்றைத் தடுக்கும் பேரலை ஒன்றும் இல்லை. அறிந்தார் ஒருவரின் சொல்லே தடை.

‘பழைய ஓட்டையும் உடைந்த சுவரையும் காத்தலால் வயிறு நிறையுமோ?’ என்று வினவுவார் உளர். வினா இகழத்தக்கதன்று. கோட்டைமேட்டின் மீதும் அருகும் வாழ்வோர் நம்மனைய மக்களே. அவர்க்கு வீடும் கிணறும் நிலமும் வேண்டும். அவர்தம் நலத்தைப் புறக்கணித்துப் பழம்பொருளைப் போற்றுதல் நேர்மையன்று. நெடுநாள் நிலைப்பதும் அன்று. ஆயினும் ஒன்று கருதுக. அரசர் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். பானை வனைந்தானையும், சங்கறுத்தானையும், கலம் செலுத்தினானையும் கூறுவது யாது? அவன் கைப்பட்ட ஓடும் அவன் கீறிய பெயருமே கூறும். எளிய மக்களின் வரலாறு எளிய பொருளிலே உளது. ஆதலின், ஓட்டினை இழத்தல் அவ்வூரார் தம் முன்னோரை இழத்தலே ஆகும்.

அன்றியும், பழம்பொருளின் மதிப்பு அப்பொருளில் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்திலும் உளது. மண்ணின் அடுக்குகள் ஏட்டின் பக்கங்களை ஒப்பன. அடியிலுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ரோமக் காசொன்று எவ்வடுக்கில் எவ்வோட்டோடு கிடந்தது என்று தெரியின், அவ்வோட்டின் காலமும் துணியப்படும். ஆர்வ மிகுதியால் ஒருவன் அக்காசைத் தோண்டியெடுத்துப் பெட்டியிலிட்டால், காசு எஞ்சும், வரலாறு எஞ்சாது. ஏட்டைக் கிழித்து ஓரெழுத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்கு அஃது ஒப்பாம்.

இனி, மாணாக்கராகிய நாம் செய்தற்குரியவை யாவை? அகழ்தல் நம் தொழிலன்று. அதற்குப் பயின்றோர் உளர். நிலத்திற் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கண்டெடுத்தவர் கலெக்டர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் விதி. இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நம் முதற்கடன். வயலுக்கும் திடலுக்கும் ஓடைக்கும் வழங்கும் பெயர்களைக் குறித்தல் இரண்டாவது. கோட்டைமேடு என்ற பெயர்தானே ஈண்டு ஒரு பழமையைச் சுட்டி நிற்கின்றது. பழைய வீடுகளை அளந்து வரைதலும், உரியவர் இசைவு பெற்றுக் கணக்கேடுகளையும் கடிதங்களையும் படமெடுத்தலும் மூன்றாவது. முதியோர் சொல்லக் கேட்டு எழுதுதல் நான்காவது. இது சிறிதும் காலந்தாழ்த்தற்பாலதன்று. தனுஷ்கோடியைப் பத்து வயதிற் கண்டார் இன்று எழுபது கடந்தார். மண்ணிற் புதைந்த ஓடு இன்னும் நூறாண்டு பொறுக்கும்; முதியோர் நினைவு பொறாது.

இம்முயற்சி கைகூடுமோ என ஐயுறுவார்க்குத் தரங்கம்பாடி விடை பகரும். 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரால் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய புகழும் அவ்வூர்க்கு உரியன. கடலரிப்பு ஒருபால் வருத்த, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மற்றொருபால் தாக்கியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் முன்னரே கொண்டது. எனினும், டேனிய நாட்டாரின் துணையோடு கோட்டை பழுதுபார்க்கப்பெற்றது. பழைய வீடுகள் பல திருத்தப்பெற்றன. கோயிலும் கோட்டையும் ஓரூரின் செல்வமெனக் கருதப்பட்டமையே ஆங்கு நாம் கற்கும் பாடம்.

நம் வைகை வெளியிலும் தொடக்கம் உளது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கீழடியில் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அழகன்குளத்துப் பொருள்கள் சில இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில் வைக்கப்பெற்றுள்ளன. கீழடியைக் காணச் செல்வார் பலர். அவ்வாற்றின் கடைமுகம் வரை செல்வார் சிலர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தத்தம் ஊரில் முதியோர் ஒருவரிடமேனும் அமர்ந்து, அவர் கூறுவதை நாளும் இடமும் குறித்து எழுதிக்கொணர்வராயின், சில ஆண்டுகளில் நம் நூல்நிலையத்தில் வைகைக்கரை வரலாற்றிற்கோர் ஏட்டுத்தொகை உருவாகும். கப்பலை ஓட்டிற் கீறியவன் புகழ் விழைந்து கீறினானல்லன்; கண்டதைப் பதித்தான். நாமும் கண்டதையும் கேட்டதையும் பதிப்போமாக.