பொய்யின் வேர்



பொய்யே சொல்லாதவர் நம்மில் யார்? "நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன், சிஸ்டர்" என்போம். சேக்காட்டிலிருந்து வரும் நமக்கு, "இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயில் லேட், மிஸ்" என்பது கைவந்த சாக்கு! ஆனால் ஒரு பொய்யை மறைக்க மறு பொய் என்று, நிறுத்த முடியாமல் தவிப்பவரும் நம் வயதில் உண்டு.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு தோழி இருந்தாள். 'புளுகி' என்று பட்டப்பெயர் சூட்டினோம். ஒருநாள் வயிற்றுவலி என்று அழுதாள். நாங்கள் சிரித்தோம். மாலையில் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றும் எங்களை உறுத்துகிறது. எனவேதான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஓயாமல் பொய் சொல்வதை மருத்துவ உலகம் தனி நோயாகக் கொள்வதில்லை. பயம், தாழ்வு மனப்பான்மை போன்றவை அதன் அடியில் இருக்கக்கூடும். இதற்கு உதவும் முறைகளுள் ஒன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் இதற்கு வித்திட்டார். நிகழ்ச்சி எண்ணத்தையும், எண்ணம் உணர்ச்சியையும், உணர்ச்சி செயலையும் தூண்டுகின்றன என்பதே இதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கணக்கில் 32 மதிப்பெண், இது நிகழ்ச்சி. 'அப்பா என்னை வெறுத்துவிடுவார்', இது எண்ணம். அதனால் பயம். உடனே, "பேப்பர் இன்னும் தரவில்லை அப்பா" என்ற பொய். அப்போதைக்குப் பயம் தணிகிறது. ஆகவே மறுமுறையும் பொய்யே நாவில் வருகிறது.

சிகிச்சை அளிப்பவர் திட்டுவதில்லை. இந்நான்கையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறார். 'வெறுத்துவிடுவார் என்பதற்குச் சான்று என்ன?' என்று வினவுகிறார். பின்பு சிறிய விஷயம் ஒன்றில் உண்மையைச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார். பயந்ததையும் நடந்ததையும் ஒப்பிடும்போது பயம் சிறிது சிறிதாகக் குறைகிறது. பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. உண்மை சொன்ன குழந்தைக்கு அடி விழுந்தால், அடுத்த முறை அது பொய்யைத்தானே நாடும்?

காந்தியடிகள் நம்மைப்போல் 15 வயதில், அண்ணனின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். பின்பு மனம் வருந்தி, குற்றத்தை எழுதி, நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை கோபித்துக் கடுஞ்சொல் கூறுவார் என்று எண்ணினார். தந்தையோ கண்ணீர் உகுத்து, கடிதத்தைக் கிழித்துவிட்டார். அந்த அன்பு மகனை ஆயுள் முழுதும் வழிநடத்தியது. தம் வரலாற்றுக்கு அவர் 'சத்திய சோதனை' என்று பெயரிட்டதும் பொருத்தமே அல்லவா?

தோழியரே! தனியே மீள முடியாதவர் ஆசிரியையிடமோ மனநல ஆலோசகரிடமோ மனம் திறந்து பேசலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நம் பங்குக்கு, பட்டப்பெயர் சூட்டுவதை விடுவோம். தயங்கித் தயங்கி ஒருத்தி உண்மை சொல்லும்போது, சிரிக்காமல் செவிமடுப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி