பரணில் கிடக்கும் வெள்ளைக்காரன் துப்பாக்கி

நஞ்சன்கூட்டிலிருந்து தெற்கே போகும் சாலை குண்டுலுப்பேட்டையைத் தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைகிறது. மைசூரு மாவட்டத்தின் மேற்கு எல்லையில் குடகு. காட்டையும் குடகையும் ஒட்டி வாழ்கிறவர்களுக்குத் துப்பாக்கி அதிசயப் பொருள் அல்ல. அதனாலேயே, பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் சில தவறான நம்பிக்கைகள் வலுவாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் ஒன்றிரண்டு ஆளைச் சிறைக்கே அனுப்பிவிடும்.

மிக ஆபத்தானது இது: “நூறு வருஷப் பழசுக்கு லைசென்ஸ் எதற்கு?” 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் வயதைப் பார்ப்பதில்லை, சுடுமா என்றுதான் பார்க்கிறது. 1907இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்க் 3 லீ-என்ஃபீல்டு, அதாவது .303 ரைபிள், துருவைத் துடைத்து எண்ணெய் போட்டால் இன்றும் சுடும். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.

“சரி, லைசென்ஸ் எடுத்துவிட்டு ஒரு .303 வாங்கிக்கொள்கிறேன்” என்பது அடுத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் கழித்த துப்பாக்கிகளை அமெரிக்காவில் கடையில் போட்டு மலிவாக விற்றார்கள். அந்தக் கதைகளைப் படித்துவிட்டு இங்கே தேடினால் ஏமாற்றம்தான். இந்தியாவில் .303 ராணுவத்தின் கையிலும் போலீசின் கையிலும் தொடர்ந்து இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020இல்தான். அரசுத் தோட்டா வெளியே கசிந்தால் தனியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாதே! ஆகவே .303 தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகளை விதிகள் கட்டுப்பாட்டு வகையில் வைத்தன. துப்பாக்கிக் கடைக்காரர்கள் ‘பி.பி.’ (தடைசெய்யப்பட்ட குழல் விட்டம்) என்று சொல்வது இதைத்தான். கலவரம் அடக்கும் போலீசுக்காக .303ஐ மாற்றி, ஒற்றைத் தோட்டா போடும்படி செய்த .410 மஸ்கட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று .315 ரைபிள் செய்ததன் காரணம் இப்போது புரியும்: ராணுவத் தோட்டா அதில் நுழையாது.

பயிர்க்காவலுக்குச் சட்டம் தனியாக வழி விட்டிருக்கிறது. ஆனால் அந்த வழி, வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கானது, ராணுவ ரைபிளுக்கானது அல்ல.

சுவரெல்லாம் துப்பாக்கி மாட்டி வைக்கலாம் என்ற கனவையும் விட வேண்டியதுதான். முன்பு ஒருவருக்கு மூன்று வரை அனுமதி இருந்தது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கியது. தாத்தா விட்டுப்போனதும் அந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும்.

குடகைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. 1861இல் பிரிட்டிஷ் கமிஷனர் மார்க் கப்பன் குடகின் கொடவர்களுக்கு அளித்த ஆயுத விலக்கு, விடுதலைக்குப் பின் 1963 அறிவிப்பிலும் தொடர்ந்தது. 2019இல் அதை 2029 வரை நீட்டினார்கள். கைல்பொலுது பண்டிகையில் துப்பாக்கியின் குழல்வாயில் காந்தள் பூ வைத்துக் கும்பிடும் மக்கள் அவர்கள். ஆயுதத்தை அவ்வளவு மரியாதையோடு நடத்துவதைப் பார்க்கும்போது மனம் நெகிழும். ஆனால் அந்த விலக்கு கொடவ இனத்தாருக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உள்ளவருக்கும் மட்டுமே. குடகில் வீடு வாங்கிக் குடியேறியவருக்கெல்லாம் அது கிடைக்காது.

இனி, சரித்திரம். “இது 1857 கலகத்துத் துப்பாக்கி” என்று .303ஐக் காட்டுவார்கள். கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெயர் கெட்டது 1853 மாதிரி என்ஃபீல்டு, வாய்வழி மருந்து போடுவது. லீ-என்ஃபீல்டு பிறந்தது 1895இல்.

‘பிரிட்டிஷ்’ என்று பெயர் இருந்தாலும் இங்கிலாந்தில்தான் செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையும் லீ-என்ஃபீல்டைச் செய்து குவித்தது. கிரீடத்தின் கீழ் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று பொறித்திருந்தால் அது நம் நாட்டுத் தொழிலாளர் கைவேலை. ‘2ஏ1’ என்று இருந்தால் இன்னும் இளையது. சீனப் போருக்குப் பின் 7.62 தோட்டாவுக்காக இஷாப்பூர் செய்தது அது, வெள்ளைக்காரன் தொட்டதே இல்லை. முத்திரையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கைபர் கணவாய்ப் பக்கத்து தர்ரா பட்டறைகள் கிரீடத்தையும் ஆண்டையும் அச்சு அசலாகப் பொறித்துத் தள்ளின. ஆங்கில எழுத்து இடவலம் மாறித் திரும்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். அத்தகைய துப்பாக்கியின் இரும்பு எந்தத் தரத்தது என்று யாராலும் சொல்ல முடியாது, சுடுகிறவர் கையிலேயே வெடிக்கலாம்.

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒன்று கிடைத்துவிட்டால்? போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம், யாருக்கும் கைமாற்றவும் வேண்டாம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோய் அது வாரிசு கையில் நிற்கிறது என்றால், 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பழைய உரிமப் புத்தகம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வாரிசுப் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க அது உதவும்.