பொன்னாடைக்கு முன்னால்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். குடியரசு நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றியதும் ஊரிலுள்ள முன்னாள் ராணுவத்தார் அத்தனை பேரையும் மேடையேற்றி உங்கள் மன்றத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். வாழ்த்துரைக்குப் பெரிய மனிதர்களிடம் சொல்லியாயிற்று, ஃபிளெக்ஸும் அடிக்கக் கொடுத்தாயிற்று. எல்லாம் சரி. அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே, கண்ணு?

“கடைசியில் அத்தையும் வந்து ஆசீர்வதிக்க வேண்டும்” என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். கணக்கில் சேர்க்காதவளை ஆசீர்வாதத்துக்கு மட்டும் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம்தான், உன்மேல் கோபமில்லை. ஆனால் ‘அமரன்’ படம் பார்த்துவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தவன் நீ. அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜனுக்கான அசோக சக்கரத்தை 2015 குடியரசு நாளில் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது அவர் மனைவி. வீட்டுக்காரர் போன பிறகு நாடு அந்தப் பெண்ணை மேடைக்கு அழைக்கிறது. வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வந்துவிட்டால், அவர் மனைவிக்கு எந்த மேடையும் கிடையாது. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ராணுவத்திலிருந்த உன் மாமாவின் விலாசம் என்று என் கையில் கொடுத்தது ஒரு நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே ‘56 ஏ.பி.ஓ.’ அவ்வளவுதான். ஊர்ப்பெயர் கிடையாது. காஷ்மீரில் இருந்தாலும் அதே விலாசம், ராஜஸ்தானில் இருந்தாலும் அதே விலாசம். ஒரு தடவை அது ‘99 ஏ.பி.ஓ.’ என்று மாறியபோது, வடகிழக்குப் பக்கம் அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் பக்கத்துத் தெரு மிலிட்டரிக்காரர் வீட்டு அக்காவும் உட்கார்ந்து துப்பறிந்தோம். புருஷன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று தெரியாமல் நீலநிற இன்லண்ட் கவரில் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று எழுதுவோம். பெரும்பாலும் அது பொய். மாடு செத்திருக்கும், மாமியார் படுக்கையில் கிடப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்காது. அங்கே துப்பாக்கியோடு நிற்பவனுக்கு இதையெல்லாம் எழுதி என்ன செய்ய? அவர்கள் எழுதுவதும் அதே பொய்தான்.

வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு என்பது விதி. விதிப்படி லீவு கிடைத்த வருஷங்களும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. மீதி நாளெல்லாம் நாற்றுவிட, பம்புசெட் ரிப்பேர் பார்க்க, கூட்டுறவு வங்கியில் கையெழுத்துப் போட, பெரியவர்களைச் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட நாங்கள்தான். பீஸ் ஸ்டேஷன் கிடைத்து, குவார்ட்டர்ஸ் வரிசையில் பெயரும் வந்தால் கொஞ்ச காலம் சேர்ந்து இருக்கலாம். பிள்ளைகள் அங்கே இந்தியில் பேசப் பழகும் நேரத்துக்கு மறுபடி ஃபீல்டு என்பார்கள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வருவோம், பிள்ளைகள் மறுபடி ‘அ’ எழுதுவார்கள்.

1999 கார்கில் சண்டையை நீ பாடப்புத்தகத்தில் படித்திருப்பாய். எங்களுக்கு அது சாயந்திரச் செய்தி. அதற்கு முந்தைய 1965, 1971 சண்டைகளில் இறந்தவர்களை அங்கேயே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். வீட்டுக்குத் தந்திதான் வரும். பின்னால் அவர்களுடைய டிரங்குப் பெட்டி வரும். கார்கிலில்தான் உடலை ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் வந்தது. அதனால் தெருமுனையில் ஒரு பச்சை வண்டி திரும்பினாலே வயிற்றைக் கலக்கும். திருச்சி மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக் மலையில் விழுந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேலானது. அந்த நாட்களை அவருடைய தாயார் எப்படிக் கழித்திருப்பார் என்பதை நான் பல தடவை நினைத்திருக்கிறேன். வீரரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் மலையேறிய கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்படிப் பாதிக் கதையோடு நிறுத்துவது புதிதல்ல. அடுத்த தடவை வேலூர் போகும்போது லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லைப் பார். 1914-18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். வெள்ளைக்காரன் தலையை எண்ணிக் கல்லில் வைத்துவிட்டுப் போனான், பெயர் எழுதவில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் அளவுக்கு இந்த மாவட்டம் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பியிருக்கிறது. அந்த 277 பேர் யார், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நீங்கள் வைக்கப்போகும் ஃபிளெக்ஸும் அந்தக் கல்லைப் போல ஆகிவிடக் கூடாது. பெயர் போடு, வருஷம் போடு, யூனிட் போடு. அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே, அவர் இல்லாதபோது வீட்டைச் சுமந்தவர் பெயரையும் போடு. சிலருக்கு அது மனைவி. இரண்டு பேருக்கு அம்மா. கடைசித் தெரு சுபேதாருக்கு அவருடைய தம்பி. அண்ணனுக்காகத் தன் படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தவர் அவர்.

மேடையில் செய்யக் கூடாதது சில உண்டு, சொல்லிவிடுகிறேன். “எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று யாரும் மைக்கில் கேட்கக் கூடாது, பள்ளிப் பிள்ளைகளிடமும் முன்னாலேயே சொல்லி வை. கேண்டீன் சரக்கைப் பற்றிய நகைச்சுவை வேண்டாம். இந்த ஊரில் உன் மாமாவிடம் அன்பாகப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அடுத்த வார்த்தையில் ரம் கேட்கிறவர்கள், அதை அவர் சிரித்துக்கொண்டே தாங்குகிறார். சிரிக்கிறார் என்பதற்காக அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரரை இழந்தவர்களை மேடையில் நிறுத்தி ‘நாலு வார்த்தை பேசுங்கம்மா’ என்று கேட்டு, அவர்கள் அழுவதைப் படம் பிடிக்காதீர்கள். அவர்களே பேச விரும்பினால் பேசட்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் கடினமானது. உன் மாமா இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில், யாழ்ப்பாணத்தில் இருந்தவர். உனக்குத் தெரியும், ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு கதையும் கேட்டிருக்க மாட்டாய். 1987-இல் போன படை 1990 மார்ச்சில் திரும்பியது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. கடைசியாக வந்த அணி மெட்ராசில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் காரணம். அந்தக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே உறவை இழந்தவர்களுக்கு இந்தப் படையைப் பற்றிப் பேச எல்லா உரிமையும் உண்டு. அதே சமயம், மேலிடம் போட்ட உத்தரவுக்குப் போய், தன் மொழி பேசுகிறவர்கள் தெருவில் சோதனைச் சாவடி போட்டு நின்று, பக்கத்தில் இருந்தவன் கண்ணிவெடியில் சிதறுவதைப் பார்த்துவிட்டு வந்த இருபத்து சொச்சம் வயதுப் பையன்களிடம் திரும்பி வந்தபின் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவரை வாழ்த்துரைக்குக் கூப்பிடாதே. அந்தச் சண்டையின் பெயரால் ‘ஆபரேஷன் பவன் வீரர்’ என்று மாமா பெயருக்குக் கீழே போட்டிருக்கிறாய். அவரிடம் கேட்டுவிட்டுப் போடு. வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடு.

இனி உண்மையிலேயே உன்னால் முடிகிற வேலைக்கு வருகிறேன். நீ கம்ப்யூட்டர் படித்தவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு ஹவில்தார் ஓய்வுபெற்றால் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அவர் காலமானபின் மனைவிக்கு வருவது பொதுவாக அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம். அவர் 67 வயதுக்குள் போய்விட்டால் சில காலம் கூடுதல் விகிதத்தில் வரும், பிறகு இறங்கிவிடும். சண்டையில் இறந்தவர் குடும்பத்துக்கான கணக்கு வேறு, அது முழுச் சம்பளம். ஆனால் எந்தக் கணக்காக இருந்தாலும் பணம் வர வேண்டுமென்றால் மனைவியின் பெயர் பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணையிலும், ரெக்கார்ட் ஆபீஸ் ஏட்டிலும், ஆதாரிலும், பாஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கேதான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமானதும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவைப் போடும்போது, தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ‘ழ’ எங்கேயோ போயிருக்கும். அப்பா பெயரின் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகியிருக்கும். பிறந்த தேதி தெரியாத அம்மாக்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்வரை இதை யாரும் பார்ப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

அவர் இருக்கும்போது திருத்துவது சுலபம். அவரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, ஆதாரங்களை இணைத்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் அனுப்பினால் போதும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காசு வாங்காமல் வழிகாட்டுவார்கள். அவர் போன பிறகு பிரமாணப் பத்திரம், தாசில்தார் சான்று, ‘இவரும் அவரும் ஒருவரே’ என்ற சான்று என்று அந்தப் பெண் வெயிலில் அலைய வேண்டும். நடுவில் ஒரு புரோக்கர் வந்து நான் முடித்துத் தருகிறேன் என்பார். அவருக்கு எவ்வளவு போனது என்று என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது இன்னும் அவசரம். அம்மாவுக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி உண்டு, ஆனால் பெற்றவர்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பதிவு செய்துவைத்தால் பின்னால் போராட வேண்டியதில்லை. நம் ஊரில் அப்படி ஒரு வீடு இருக்கிறது, எந்த வீடு என்று உனக்கே தெரியும். பொன்னாடையோடு நிறுத்தாமல் முதலில் அங்கே போ.

பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளத்துக்குப் போய்விட்டது. முன்பு பேங்க் கவுண்டரில் ஒரு முகம் இருந்தது, கேட்க முடிந்தது. இப்போது பாஸ்வேர்டு, ஓ.டி.பி. மிலிட்டரிக்காரர்களில் பலருக்கு அந்தப் பாஸ்வேர்டு எந்த போனில் வந்தது என்றே தெரியாது. வருஷத்துக்கொரு முறை உயிருடன் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும், விட்டால் பென்ஷன் நின்றுவிடும். களை எடுத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் ஏற்காது. முகத்தைக் காட்டினாலே போதும் என்று போனில் ஒரு முறை வந்திருக்கிறதாம், அதை நீ அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

பட்டியலில் நீ விட்டுவிட்ட இன்னொரு கூட்டம், அக்னிவீரர்களாகப் போயிருக்கும் நம் ஊர்ப் பையன்கள். 2022-இல் வந்த திட்டம் அது. நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள், அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. முதலில் போனவர்களின் நாலு வருஷம் 2026 கடைசியில் முடிகிறது. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் அந்தப் பையனை ‘ரிட்டர்ன் ஆயிட்டியா?’ என்று கேலி செய்யப் போவதும் உன் நண்பர்கள்தான். இப்போதே சொல்லி வை. போலீஸ் தேர்வு, தீயணைப்பு என்று எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்ல உங்கள் மன்றத்தில் ஒருவரை நியமி. அந்தப் பையன் எல்லையில் நின்றதும் உன் மாமா நின்றதும் ஒன்றுதான்.

ஜனவரி 14 படைவீரர் நாளாம், ஜெனரல் கரியப்பா 1953-இல் அந்தத் தேதியில் ஓய்வுபெற்றதால். டெல்லியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அன்று போகி என்றோ பொங்கல் என்றோ தோன்றியிருக்காது. நாமெல்லாம் அன்று வீட்டை ஒழித்துக்கொண்டிருப்போம். அதனால் நீ பொங்கலுக்கு வந்ததும், கரிநாள் கழித்து வரும் சனிக்கிழமையை எடுத்துக்கொள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கரண்ட் பாயின்ட் இருக்கிறது. லேப்டாப், ஸ்கேனர், பிரிண்டர் மூன்றையும் கொண்டு வா. நான் வீடு வீடாகச் சொல்லி டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டு, இரண்டு பேர் ஆதாரும் எடுத்து வரச் சொல்கிறேன். புருஷன் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வரட்டும். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்பது அவளுக்கும் தெரிய வேண்டும். மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

முதலில் நம் வீட்டிலிருந்து ஆரம்பி. பி.பி.ஓ.வில் என் பிறந்த வருஷம் ஒன்று, ஆதாரில் வேறொன்று. உன் மாமா ‘பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்’ என்றே வருஷங்களைக் கடத்துகிறார்.

இப்படிக்கு,
உன் அத்தை