கொழுத் தேய்மானத்தை உணர்த்தும் மின்சுற்று

எட்டாம் வகுப்பில் உராய்வைக் கற்பிக்க, பெருமுக்கல் மாணவர்களிடம் நான் காட்டுவது தேய்ந்த கலப்பைக் கொழு. மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. சாதாரண இரும்புக்கு ஏறக்குறைய 4. அதனால் மண் இரும்பைத் தேய்க்கிறது. மழுங்கிய கொழு ஆழமாக இறங்காது. டீசல் செலவும் கூடும். மணிக்கணக்கில் டிராக்டர் வாடகை தரும் சிறு விவசாயிக்கு இது நேரடி இழப்பு. உழும்போது கொழுமுனை மண்ணுக்குள் இருப்பதால் ஓட்டுநருக்குத் தெரியாது. கொழுவினுள் மின்கம்பியைப் பதித்தால், தேய்மானம் அதைத் தொட்டதும் சுற்று அறுந்து எச்சரிக்கை கிடைக்கும்.

தேவையானவை: தெர்மாகோல் துண்டு, அலுமினியத் தாள், 2 மின்கலங்கள், டார்ச் பல்பு, ஒயர், உப்புத்தாள்.

செய்முறை: 3 மி.மீ. அகல அலுமினியப் பட்டையை ‘ப’ வடிவில் தெர்மாகோலில் ஒட்டுக. வளைவின் அடிப்பகுதி கீழ் விளிம்புக்கு 5 மி.மீ. மேலே இருக்கட்டும். இரு முனைகளையும் மின்கலம், பல்புடன் இணைக்க, பல்பு எரியும். கீழ் விளிம்பை உப்புத்தாளில் தேய்க்கச் செய்க. பட்டை அறுந்ததும் பல்பு அணையும்.

கலந்துரையாடல்: பல்பு அணைந்தாலே கொழு தேய்ந்தது என்று பொருளா? ஒயர் கழன்றிருந்தால்? கல்லில் மோதியிருந்தால்? வெவ்வேறு ஆழங்களில் 2 பட்டைகள் வைத்தால் என்ன கூடுதலாக அறியலாம்? விடைகளை மாணவர்களே சோதித்துக் கூறட்டும்.